மைக்குக்கு முன்னால் அறை

கிணற்றுக்குள் கேட்கும் குரல்

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்ய இன்றைக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஒரு மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்ஃபோன், இலவசமாகவே கிடைக்கும் ஒரு மென்பொருள் இருந்தால் போதும். மைக் வந்த அட்டைப்பெட்டியில் ‘ஸ்டுடியோ தரம்’ என்று அச்சிட்டிருக்கும். அந்த வார்த்தை பொய்யும் இல்லை. ஸ்டுடியோக்களில் அதே மைக்கைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. ஆனாலும் பதிந்த பாட்டைப் போட்டுக் கேட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. சினிமாப் பாட்டில் பாடகர் காதோரம் வந்து பாடுகிறார். வீட்டுப் பதிவில் அதற்குக் குறையாத நல்ல குரல் எட்டடி தள்ளி நிற்கிறது. சுருதி சரி, தாளம் சரி, மைக்கும் சரி என்றால் எது தவறாகப் போனது?

பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில், இன்னும் விலை கூடிய மைக் வேண்டும் என்பது. கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். அது இல்லாவிட்டால் இன்டர்ஃபேஸை மாற்ற வேண்டும், அல்லது காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்குப் போக வேண்டும் என்பார்கள். இந்த அத்தியாயம் வேறொரு விடையை முன்வைக்கிறது. சாதாரண வீட்டில் பதிவின் தரத்தை முதலில் முடிவு செய்பவை கடையில் விற்காத இரண்டு: பாடும் அறை, வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரம். இவை இரண்டையும் கவனித்த பிறகுதான் மைக்கின் விலைக்கு அர்த்தம் வருகிறது. ஆசைக்காகச் சொல்லும் கருத்தல்ல இது. கணக்குப் போட்டுப் பார்க்கக் கூடியது. பார்ப்போம்.

திறந்த சன்னல் என்னும் அலகு

1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகம் என்ற புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அதிலிருந்த விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. ஒருவர் சொன்ன சொல் அடங்க 5 நொடிக்கு மேல் ஆனது. அதற்குள் அவர் அடுத்த வாக்கியத்தில் பாதியைத் தாண்டியிருப்பார். இதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவில், ஊர் அடங்கிய பிறகு, ஓர் ஆர்கன் குழாயை ஊதச் செய்து நிறுத்தி, ஓசை எப்போது அடங்குகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து மண்டபத்தில் போட்டு மறுபடி அளந்தார். மெத்தைகள் கூடக்கூட ஓசை அடங்கும் நேரம் குறைந்தது. இப்படித் திரட்டிய அளவுகளிலிருந்து அவர் கண்ட விதி எளிமையானது: அறையின் கொள்ளளவு கூடினால் ஓசை நீடிக்கும், ஓசையை உறிஞ்சும் பரப்பு கூடினால் சீக்கிரம் அடங்கும். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்ஃபனி ஹால் இந்த விதியை வைத்து வடிவமைக்கப்பட்டது. இன்றும் உலகின் சிறந்த இசையரங்குகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

சுவர்களில் பட்டுப் பட்டு ஓசை நீடிப்பதை எதிர்முழக்கம் என்று அழைப்போம். மலையடிவாரத்தில் கூவினால் தனியாகத் திரும்பி வருகிறதே, அந்த எதிரொலியிலிருந்து இது வேறு. எதிர்முழக்கத்தில் ஆயிரக்கணக்கான எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே வாலாக நீள்கின்றன. அது 60 டெசிபல் குறைவதற்கு ஆகும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்கிறார்கள். ஓசையை உறிஞ்சும் திறனுக்குச் சபீன் பயன்படுத்திய அலகு திறந்த சன்னல். திறந்த சன்னலில் பட்ட ஓசை வெளியே போய்விடும். ஒரு துளியும் திரும்பாது. ஆகவே ஒரு பொருள் எத்தனை சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம் என்று சொல்லிவிட்டால் அதன் திறன் விளங்கிவிடும். இவ்வளவு தெளிவான அலகு அறிவியலில் அதிகம் இல்லை.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். நம் ஊர் வீடுகளில் ஒரு படுக்கையறை ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். சிமென்ட் பூச்சு, டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. உள்ளே எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 36 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 66 சதுர மீட்டர். இந்தக் கடினமான பரப்புகள் தங்கள்மேல் படும் ஓசையில் 100க்கு 5 பங்கை உறிஞ்சும் என்று கொண்டால், மொத்த அறையும் 3.3 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம். சபீன் விதிப்படி எதிர்முழக்க நேரம் 1.75 நொடி வருகிறது. வேகமாகப் பாடும் ஸ்வரங்களில் ஒரு நொடிக்குள் எட்டு ஸ்வரம் போய்விடும். முதல் ஸ்வரத்தின் வால் அடங்குவதற்குள் பதினான்கு ஸ்வரங்கள் அதன்மேல் விழுந்திருக்கும்.

இனி அதே அறையில் இலவம்பஞ்சு மெத்தை இரண்டைச் சுவரோடு நிமிர்த்திச் சாய்த்து வைப்போம். துணிமணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து விடுவோம். சன்னலுக்குக் கனத்த திரையும் தரைக்கு ஜமுக்காளமும் போடுவோம். இவற்றால் இன்னொரு 7 சதுர மீட்டர் திறந்த சன்னல் கிடைத்தது என்றால், எதிர்முழக்க நேரம் அரை நொடிக்குச் சற்று மேலே வந்து நிற்கும். மூன்றில் ஒரு பங்கு. செலவு என்று சொல்ல எதுவும் இல்லை.

அடுத்தது தூரம். வாயிலிருந்து மைக்குக்கு நேராக வரும் ஓசை தூரத்தைப் பொறுத்து வேகமாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலில் ஒன்றாகிவிடும். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஓசையோ அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் பரவியிருக்கும். அப்படியானால் நேர் ஓசையும் திரும்பி வரும் ஓசையும் சமமாகும் ஓர் இடம் இருக்க வேண்டும். அந்தத் தூரத்தைச் சமதூரம் என்று சொல்வோம். நம் வெற்று அறையில், எல்லாத் திசையிலும் சமமாக வாங்கும் மைக்குக்கு, அது சுமார் 26 சென்டிமீட்டர்தான். மைக்கை மேசைமேல் வைத்து 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து பாடினால், மைக் வாங்குவதில் ஒரு பங்கு பாடகர், ஐந்து பங்கு சுவர். கிணற்றுக்குள் கேட்கும் குரலுக்குக் காரணம் இதுதான். மைக் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அங்கிருந்த ஓசையை இருந்தபடி பதிந்திருக்கிறது.

மெத்தை வைத்த அறையில் சமதூரம் 45 சென்டிமீட்டருக்கு நகர்கிறது. அங்கே வாயை மைக்குக்கு 15 சென்டிமீட்டர் அருகில் கொண்டுவந்தால் ஒன்பது பங்கு பாடகர், ஒரு பங்கு சுவர். நெருங்கியதால் 16 மடங்கு, மெத்தையாலும் திரையாலும் 3 மடங்கு என்று, மொத்தத்தில் விகிதம் ஏறத்தாழ 50 மடங்கு மாறிவிட்டது. முன்பக்கம் மட்டும் கூர்மையாக வாங்கும் வகை மைக்காக இருந்தால் இரண்டு நிலையிலும் இன்னொரு மூன்று மடங்கு சாதகம் கிடைக்கும். வீட்டுப் பதிவுக்குப் பெரும்பாலும் அந்த வகையையே வாங்குகிறார்கள், அது சரியான தேர்வு. ஆனால் 50 மடங்கு வித்தியாசத்தை எந்த விலையுள்ள மைக்கும் தனியாகக் கொடுத்துவிடாது. ரொம்பவும் நெருங்கினால் வேறு தொல்லைகள் வரும்: இந்த வகை மைக்குகள் கிட்டே வரவரத் தாழ்ந்த ஓசையைத் தூக்கிக் காட்டும், ‘ப’ ‘பு’ என்னும் எழுத்துகளில் காற்று அறையும். மைக்குக்கு முன்னால் ஒரு துணி வடிகட்டி வைத்து, ஒரு சாண் தூரத்தை ஒட்டி நிற்பது பெரும்பாலான குரல்களுக்குப் பொருந்தும்.

விலை கூடிய மைக் எதைக் கொடுக்கிறது?

எந்த மைக்கும் முழு அமைதியில்கூட ஒரு மெல்லிய சீற்றத்தைத் தானே உண்டாக்கும். இதைத் தன்னிரைச்சல் என்போம். தொடக்கநிலையில் பலர் வாங்கும் ஆடியோ-டெக்னிகா ஏடி2020 என்ற கண்டென்சர் மைக்குக்கு இது 20 டெசிபல். உலகம் முழுவதும் ஸ்டுடியோக்களில் இருக்கும் நியூமன் யூ87 மைக்குக்கு 12 டெசிபல். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு. முன்னது ஆயிரங்களில், பின்னது லட்சங்களில். 8 டெசிபல் என்பது அளவுக் கருவியில் பெரிய இடைவெளிதான். 10 டெசிபல் கூடினால் ஆற்றல் 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு என்பதை நினைவில் வைத்தால் அது விளங்கும்.

இப்போது அந்த இரண்டு மைக்கையும் நம் அறைக்குள் கொண்டுவருவோம். நள்ளிரவு, மின்விசிறி நிறுத்தியாயிற்று, கணினியும் தள்ளி வைத்தாயிற்று. அப்போதும் தெருவின் முணுமுணுப்பும் பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்து 35 டெசிபல் இருக்கும் என்று கொள்வோம்; நகரத்தில் இது நல்ல அமைதி. ஏடி2020இன் சீற்றம் ஒரு பங்கு என்றால் அறையின் இரைச்சல் 32 பங்கு. யூ87இன் சீற்றம் ஒரு பங்கு என்றால் அறை 200 பங்கு. இரண்டு பதிவுகளிலும் மொத்த இரைச்சலைக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் 0.1 டெசிபல் மட்டுமே. எவர் காதுக்கும் அது எட்டாது. மின்விசிறியைப் போட்டுவிட்டால் கணக்கே வேண்டாம். மே மாதத்தில் விசிறி இல்லாமல் ஒரு பல்லவியைப் பத்து முறை பாடுவது எவ்வளவு கடினம் என்பது வெயிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இரைச்சலைப் பொறுத்தவரை வீட்டுப் பதிவில் மிகப் பெரிய தர உயர்வைத் தருவது விசிறியின் சுவிட்சுதான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அறையின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது, மைக்கின் சீற்றமோ உயர்ந்த அதிர்வெண்களில். ஆகவே ஒன்று மற்றொன்றை முழுக்க மறைத்துவிடாது என்பார்கள். உண்மை. ஆனால் 15 சென்டிமீட்டரில் பாடும் குரல் 85 டெசிபல் அளவில் மைக்கை அடைகிறது. 20 டெசிபல் சீற்றம் அதற்கு 65 டெசிபல் கீழே கிடக்கிறது. பாட்டுக்குப் பின்னால் தம்பூராவும் தாளமும் ஒலிக்கும்போது அதைத் தேடினாலும் கிடைக்காது. வீணையைத் தனியாக, தள்ளி வைத்துப் பதிகிறவருக்கு மட்டும் குறைந்த தன்னிரைச்சல் பயன்படும். அவருக்கும்கூட அமைதியான அறை கிடைத்த பிறகே.

விலையுயர்ந்த மைக்குகளில் ஒன்றுமே இல்லை என்பது என் வாதம் அல்ல. பக்கவாட்டிலிருந்து வரும் ஓசையையும் அவை நிறம் மாறாமல் வாங்கும். ஒரே மாடலில் ஒரு மைக்குக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு அதிகம் இருக்காது. பல பத்தாண்டுகள் உழைக்கும். அந்தக் குணங்கள் தெரிய வேண்டுமானால் அறை ஒதுங்கி நிற்க வேண்டும். நல்ல ஸ்டுடியோவில் அறை ஒதுங்கி நிற்கிறது, அதனால் அங்கே மைக்குக்கு மைக் வித்தியாசம் கேட்கிறது. அங்கே கேட்ட வித்தியாசத்தை நம்பி, அது கேட்க வாய்ப்பில்லாத அறைக்கு அந்த மைக்கை வாங்குகிறோம்.

இதே இடத்தில் இன்னொரு நம்பிக்கையையும் பார்த்துவிடலாம். ‘சத்தமுள்ள அறைக்கு டைனமிக் மைக் வாங்குங்கள், அது சுற்றுச் சத்தத்தை வாங்காது’ என்ற அறிவுரை மிகப் பரவலானது. மைக்குக்குச் சுற்றுச் சத்தம் எது, குரல் எது என்று தெரியாது. ஒரே திசைப்பாங்குள்ள இரண்டு மைக்குகளை ஒரே தூரத்தில் வைத்தால், டைனமிக் ஆனாலும் கண்டென்சர் ஆனாலும் குரலுக்கும் அறைக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே பதியும். டைனமிக் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துப் பாடுவது மேடைப் பழக்கம். நன்மை அந்தப் பழக்கத்திலிருந்து வருகிறது. மாறாக, உணர்திறன் குறைந்த டைனமிக் மைக்கை வாங்கிவிட்டு அதைத் தூக்க மலிவான இன்டர்ஃபேஸை முழுவதும் திருகினால், இன்டர்ஃபேஸின் சீற்றம் வந்து சேரும்.

பிட்டும் கிலோஹெர்ட்ஸும்

இன்டர்ஃபேஸ் வாங்கும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் தெரிவது ‘24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்’. கிலோஹெர்ட்ஸ் என்பது ஓசையை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து எண்ணாக்குகிறார்கள் என்பதைக் குறிக்கும். பிட் என்பது ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு நுணுக்கமானது என்பதை. ஓர் ஓசையைக் குறையில்லாமல் திரும்ப உருவாக்க, அதன் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நிறுவப்பட்ட தேற்றம். மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ்; வயது ஏற ஏற அதுவும் இறங்கும். 1982இல் வந்த சிடி 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று நிர்ணயித்தது இதனால்தான். ஒவ்வொரு பிட்டும் 6 டெசிபல் இடைவெளி தரும். சிடியின் 16 பிட் 96 டெசிபல் தருகிறது. நம் அறையில் குரல் 85, இரைச்சல் 35, நடுவில் இருப்பது 50 டெசிபல். சிடியின் கொள்திறனில் பாதியைச் சற்றுத் தாண்டி நிரப்பத்தான் நம்மிடம் சரக்கு இருக்கிறது.

உயர் அளவுகளில் காது பிடிக்கும் நயம் இருக்கிறது என்பார் சிலர். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர், உயர்தரத் தட்டுகளிலிருந்து வரும் ஓசையை நேராகவும், நடுவில் சிடி தரத்துக்குக் குறைத்தும், எது எதுவென்று சொல்லாமல் கேட்கச் செய்து வெளியிட்ட ஆய்வில் 554 முயற்சிகளில் 276 சரியாக இருந்தன. காசு சுண்டிப் போட்டாலும் அதே விடை வரும். இதற்கு எதிர்ச்சான்றையும் சொல்ல வேண்டும். இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரெய்ஸ் 2016இல் இப்படிப்பட்ட 18 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் சரியான விடைகள் 52.3 விழுக்காடு. தற்செயலைவிடச் சற்றுக் கூடுதல். பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் கூடுதல். ஆக, வித்தியாசம் அறவே இல்லை என்று சாதிக்க முடியாது. ஆனால் அறையையும் தூரத்தையும் மாற்றியபோது விகிதம் 50 மடங்கு மாறியதையும், இங்கே நூற்றில் இரண்டு விடை கூடியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காசு எங்கே போக வேண்டும் என்பதில் ஐயம் இல்லை. 24 பிட்டில் பதிவதற்கு வேறொரு நல்ல காரணம் உண்டு: அளவைத் தாழ்த்தி வைத்தே பதியலாம், பாடகர் திடீரென்று உச்சிக்குப் போனாலும் ஓசை உடையாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துவிட்டு அந்தப் பேச்சையே மறந்துவிடலாம். இன்றைய மலிவான இன்டர்ஃபேஸ்களும் இதைத் தருகின்றன.

இன்டர்ஃபேஸில் உண்மையில் கவனிக்க வேண்டியது தாமதம். பாடகரின் குரல் கணினிக்குள் போய், மென்பொருளைத் தாண்டி, அவர் ஹெட்ஃபோனுக்குத் திரும்பிவர நேரம் எடுக்கும். கணினி 1,024 அளவுகளைச் சேர்த்து வைத்து அனுப்பினால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு மட்டும் 21 மில்லிநொடி ஆகும். 128 ஆகக் குறைத்தால் 3 மில்லிநொடிக்குள். காற்றில் ஓசை ஒரு மில்லிநொடியில் 34 சென்டிமீட்டர் போகிறது. 21 மில்லிநொடி என்றால் தன் குரலையே ஏழு மீட்டருக்கு அப்பாலிருந்து கேட்பதற்குச் சமம். தாளம் இழுபடத் தொடங்கும். இன்டர்ஃபேஸோடு வரும் இயக்கி மென்பொருள் சிறிய அளவுகளிலும் தடங்காமல் ஓடுகிறதா, கணினியைத் தொடாமலே மைக்கை ஹெட்ஃபோனில் கேட்கும் வசதி இருக்கிறதா என்பவைதான் விலைப்பட்டியலில் தேட வேண்டியவை.

கேட்கும் முனையில் அதே அறை

பதிந்த தடங்களைச் சேர்த்து வீட்டில் கலவை செய்பவர்களுக்கு இன்னொரு புதிர் உண்டு. தன் மேசையில் உட்கார்ந்து கேட்டபோது அளவாக இருந்த பேஸ் என்னும் தாழ்ந்த ஓசை, காரில் போட்டதும் திமிறுகிறது. இங்கேயும் குற்றவாளி ஸ்பீக்கர் இல்லை. இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு நடுவே, அறையின் நீளத்துக்குப் பொருந்தும் சில அதிர்வெண்களில் ஓசை நிலை அலையாக நின்றுவிடும். 4 மீட்டர் நீளத்துக்கு அது 43 ஹெர்ட்ஸ்; 3 மீட்டர் அகலத்துக்கு 57. உயரமும் 3 மீட்டர் என்பதால் 57 இரட்டிப்பாகிறது. பேஸ் கிட்டாரில் 43ஐ ஒட்டி ஒரு சுரமும் 57ஐச் சுற்றி இரண்டு சுரங்களும் இருக்கின்றன. அந்தச் சுரங்கள் சுவரோரம் வீங்கும். அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். நடுவில் உட்கார்ந்தவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றிவிடுவார். பிறகு அந்த அறையில் இல்லாத எல்லோரும் அதைக் கேட்டு அவதிப்படுவார்கள்.

இதற்குச் சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது நம் ஊரில் பரவிய வழக்கம். வசதி இருப்பவர்கள் இரண்டு அங்குலப் பஞ்சுப் பலகை ஒட்டுகிறார்கள். 43 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டர். அதை உறிஞ்ச வேண்டிய பொருள் அந்த நீளத்தோடு ஒப்பிடத்தக்க ஆழம் உடையதாக இருக்க வேண்டும். இரண்டு அங்குலத்தை அந்த அலை பொருட்படுத்தாது. மெல்லிய பஞ்சு உயர்ந்த ஓசைகளை மட்டும் தின்றுவிட்டுத் தாழ்ந்தவற்றை விட்டுவிடுவதால் அறை முன்னைவிட மந்தமாகவும் சமனற்றும் கேட்கும். முட்டை அட்டை அதையும் உருப்படியாகச் செய்வதில்லை. தெருச்சத்தத்தை இரண்டுமே தடுக்கா. சத்தத்தைத் தடுப்பது கனமும் இடுக்கு அடைப்பும். நான்கு அங்குலம் அல்லது அதற்கு மேல் தடித்த கண்ணாடிப் பஞ்சு அல்லது ராக்வூல் பலகைகளைத் துணியால் போர்த்தி, சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டு, மூலைகளில் நிறுத்துவது ஓரளவு பயன் தரும். நடுவில் உட்காராமல், முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டிய இடத்தில் உட்கார்வதும் உதவும்.

ஸ்பீக்கர் தேர்விலும் தூரமே முதல் கணக்கு. யமஹா என்எஸ்-10 என்ற சிறிய ஸ்பீக்கர் 1978இல் வீட்டு உபயோகத்துக்கு வந்தது. வீட்டில் பெரிய வரவேற்பு இல்லை. அடுத்த பத்தாண்டில் அதன் வெள்ளைக் கூம்பு உலகின் பெரிய ஸ்டுடியோ மேசைகளில் எல்லாம் தெரிந்தது. 2001இல் உற்பத்தி நின்ற பிறகும் பலர் அதைக் கைவிடவில்லை. ஏன் என்று ஆராய்ந்தவர்கள், அதன் மூடிய பெட்டியில் தாழ்ந்த ஓசைகள் நீடிக்காமல் சட்டென்று அடங்குவதைக் கண்டார்கள். கூடவே, மேசைமேல், கேட்பவருக்கு மிக அருகில் வைக்கப்பட்டதால் காதுக்கு வந்ததில் அறையின் பங்கு குறைவு. மைக்குக்குச் சொன்ன அதே சமதூரக் கணக்குதான் இங்கே காதுக்குப் பொருந்துகிறது. சிறிய அறைக்கு எட்டு அங்குல ஸ்பீக்கர் வாங்குபவர், தன் அறையால் தாங்க முடியாத தாழ்ந்த ஓசையைக் காசு கொடுத்து வரவழைக்கிறார். அறையைச் சீர்செய்ய வழியே இல்லாத வாடகை வீட்டில் நல்ல ஹெட்ஃபோனில் கலவை செய்வது முற்றிலும் நியாயமானது. அதில் அறை என்பதே இல்லை. இடமும் வலமும் மிகையாகப் பிரிந்து கேட்கும் என்பதை மட்டும் மனதில் வைத்து அவ்வப்போது ஸ்பீக்கரில் சரிபார்க்க வேண்டும்.

தெரிவு செய்யும்போது மதிப்புரைகளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஃப்ளாய்டு டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஓர் அளவுகோல். ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும், கண்ணுக்குத் தெரிய வைத்தும் கேட்கச் செய்தார்கள். எது எதுவென்று தெரிந்ததும் மதிப்பெண்கள் மாறின. அனுபவமுள்ள காதுகளும் இதற்கு விலக்கல்ல.

மென்பொருள் காப்பாற்றுமா?

பதிவதும் கலப்பதும் நடக்கும் மென்பொருளை ஒலிமேடை என்று அழைக்கலாம். ஆடாசிட்டி, ரீப்பர், க்யூபேஸ், லாஜிக், ப்ரோ டூல்ஸ் என்று பல. இன்னதில் கலந்தால் ஓசை ‘கதகதப்பாக’ வருகிறது என்ற பேச்சு இவற்றைச் சுற்றி எப்போதும் உண்டு. ஒலிமேடை அடிப்படையில் செய்வது எண்களைக் கூட்டுவதும் பெருக்குவதும். ஒரே தடங்களை ஒரே அளவில் இரண்டு மென்பொருள்களில் கலந்து, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்தால் கிட்டத்தட்ட முழு அமைதி மிஞ்சும்; யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஆகவே கைக்கு எது பழகுகிறதோ, நம் கணினியில் எது தடங்காமல் ஓடுகிறதோ, உடன் வேலை செய்பவர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதைத் தேர்ந்தெடுப்பதே அறிவு.

இரைச்சலையும் எதிர்முழக்கத்தையும் நீக்கும் மென்பொருள்கள் இப்போது வியக்கத்தக்க அளவு வளர்ந்துவிட்டன. ஆகவே அறையைப் பற்றிக் கவலைப்படும் காலம் போய்விட்டது என்ற வாதம்தான் மறுப்புகளுள் வலுவானது. பேச்சுக்கு இது பெரும்பாலும் பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். பாட்டில் சிக்கல் வேறு. விசிறியின் இரைச்சல் குரலிலிருந்து வேறுபட்டது, மாறாதது, பிரிக்க எளிது. எதிர்முழக்கமோ அதே குரல்தான், சற்றுப் பிந்தி வந்தது. நீண்ட கார்வையில் எது இப்போது பாடியது, எது முன் நொடியின் வால் என்று பிரிக்க முயலும் மென்பொருள் ஊகிக்கத்தான் முடியும். கமகத்தில் ஒரு சுரம் அடுத்ததற்குள் வழுக்கும் இடத்தில் அந்த ஊகம் தவறினால் இழப்பது இசையை. எதிர்முழக்கத்தைப் பின்னால் சேர்ப்பது எப்போதும் எளிது. எடுப்பது எப்போதும் கடினம்.

படுக்கையறையில் பதிந்து உலகையே கேட்க வைத்தவர்கள் இருக்கிறார்களே என்றால், அவர்களைப் பார்ப்பதே நல்லது. பில்லி ஐலிஷின் 2019 ஆல்பத்தின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலிஸில் குடும்ப வீட்டின் ஒரு சிறிய படுக்கையறையில், அவருடைய அண்ணன் ஃபினியஸ் லாஜிக் மென்பொருளில் பதிந்தது. 2020 ஜனவரியில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது. இறுதிக் கலவையைத் தனியே ஒரு தேர்ந்த கலைஞர் செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பாட்டுகளில் கேட்பது கிசுகிசுப்பாக, மைக்கோடு ஒட்டிப் பாடிய குரல். தூரம் மிகக் குறைவு, அதனால் அறைக்கு இடமே இல்லை. இங்கே, ஏ. ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டின் பின்புறம் பஞ்சதன் ரெக்கார்ட் இன் தொடங்கியபோது செய்தது வேறு வழி: வீட்டோடு சேர்ந்ததாக இருந்தாலும், ஸ்டுடியோவாகவே ஓர் இடத்தை உருவாக்கிக்கொண்டார். 1992இல் வந்த ‘ரோஜா’வின் இசை அங்கே பிறந்தது. ஒருவர் தூரத்தைச் சுருக்கினார், மற்றவர் இடத்தை அமைத்தார்.

வாங்குவதற்கு முன் ஓர் அளவு

கையில் இப்போது இருக்கும் கருவியைக் கொண்டே ஒரு சோதனை செய்யலாம். அதற்கு எந்த இலவச ஒலிமேடையும் போதும். பாடும் இடத்தில், பாடும் நேரத்தில், ஒருவரும் பேசாமல் முப்பது நொடி பதியுங்கள். பிறகு அளவுத் திருகை மாற்றாமல், ஒரு சாண் தூரத்தில் நின்று இயல்பாக முப்பது நொடி பாடுங்கள். இரண்டு பகுதிகளின் சராசரி அளவையும் மென்பொருளே டெசிபலில் காட்டும். இடைவெளி 40க்குக் கீழே இருந்தால் விசிறி, சன்னல், பதியும் நேரம், மெத்தை ஆகியவற்றில்தான் வேலை இருக்கிறது. அதுவரை எந்த மைக்கும் வாங்க வேண்டாம். 50ஐ நெருங்கிவிட்டால் நல்ல ஹெட்ஃபோனுக்கும், தாமதம் குறைந்த இன்டர்ஃபேஸுக்கும் போகலாம். 60ஐத் தொட்டு, பாடி நிறுத்தியதும் வால் உடனே அடங்கவும் செய்தால், அந்த அறையில் மைக்குக்கு மைக் வித்தியாசம் கேட்கத் தொடங்கும். அப்போது விலை கூடிய மைக்கை இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, பெயர் தெரியாதபடி இரண்டு பதிவுகளையும் ஒரே அளவில் வைத்து, வேறொருவரைப் போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.